கடன் எண்ணின் வர்க்கமூலம்

பண்டங்களை எண்ணப் பிறந்த எண்களோடு பின்னமும் பூஜ்யமும் வந்து சேர்ந்த கதை ஒருபுறம் இருக்க, கி.பி. 628-ல் பிரம்மகுப்தர், உடைமையைத் தனம் என்றும் கடனை ருணம் என்றும் வகுத்து, ருணத்தை ருணத்தால் பெருக்கினால் தனமே வரும் என்று விதி செய்தபோதே, வர்க்கம் ருணமாகும் எண் எது என்ற சங்கடமும் உடன்பிறந்துவிட்டது.

சூதாட்டத்திலும் ஜோதிஷத்திலும் மோகம் கொண்டிருந்த இத்தாலிய வைத்தியர் கார்டானோ, 10-ஐ இரு கூறாக்கினால் அவற்றின் பெருக்கம் 40 ஆகவேண்டும் என்றொரு கணக்கை 1545-ல் தமது நூலில் போட்டு, ருணம் 15-இன் வர்க்கமூலத்தை ஐந்தோடு கூட்டியும் கழித்தும் விடை கண்டபின், நுட்பந்தான், ஆனால் பிரயோஜனமில்லை என்று ஒதுக்கிவிட்டார்.

பிரயோஜனத்தைக் காட்டியவர், சதுப்பு நிலங்களை வடித்துச் சீர்செய்யும் பணியிலிருந்த இன்ஜினீயர் பொம்பெல்லி. ஓர் எண்ணின் கனம், அதன் 15 மடங்கோடு 4-ஐக் கூட்டியதற்குச் சமம் என்றால், அவ்வெண் 4 என்பதைப் பள்ளிச் சிறுவனும் பெருக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவான். இத்தகைய கனக் கணக்குகளைத் தீர்க்கும் கார்டானோவின் சூத்திரமோ ருணம் 121-இன் வர்க்கமூலத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பொம்பெல்லி அஞ்சாமல் அதையும் எண்ணாகவே பாவித்துக் கணக்கைத் தொடர, விசித்திரப் பகுதிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு 4 வெளிப்பட்டதை 1572-ல் அச்சிட்டார்.

தத்துவஞானி டெக்கார்ட் 1637-ல் ருணத்தின் இந்த வர்க்கமூலங்களுக்குக் கற்பனை எண்கள் என்று சற்று இளப்பமாகவே பெயர் வைத்தார். மாறுதிசை மின்சாரத்தைக் கணக்கிடும் இன்ஜினீயர்கள் இன்று அவற்றை நித்தமும் கையாளுகிறார்கள்.