சுவரில் ஒட்டியதும் பெட்டியில் வைத்ததும்



சுவரில் ஒட்டப்படும் விளம்பரத்தாளுக்கு ஆயுள் மிகக் குறைவு. நிகழ்ச்சி முடிந்த மறுநாளே அதன் வேலை முடிந்துவிடுகிறது. மழை அதனைக் கரைக்கும். வெயில் அதனை வெளுக்கச் செய்யும். எஞ்சியிருப்பின் அதன்மேல் மற்றொருவர் வேறொன்றை ஒட்டிச் செல்வார். இங்ஙனம் அழிவதற்கென்றே பிறந்த தாளைத் தேடிப் பெற்று, ஈரமும் வெளிச்சமும் தாக்காது பேணுகின்ற ஒரு சாரார் மேனாடுகளில் உள்ளனர். பங்க் என வழங்கும் இசைக்குரிய விழாக்களுக்காக, மட்டுப்படுத்தப்பட்ட தொகையில் திரையச்சு முறையில் அச்சிடப்படும் சுவரொட்டிகளைச் சேகரிப்போரே அவர்கள். விளையாட்டுப்போலத் தோன்றும் இந்தப் பொழுதுபோக்கினுள் ஒரு பெரிய வினா அடங்கியிருக்கின்றது. தெருவிலே எல்லோருக்கும் உரியதாய் இருந்த ஒன்றைச் சிலருக்கு மட்டும் உரியதாக்குவது தகுமா என்பதே அவ்வினா.

பங்க் இசை 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கிலும் இலண்டனிலும் தலையெடுத்தது. றமோன்ஸ் என்னும் குழுவினர் 1974இல் நியூயோர்க்கின் சிபிஜிபி என்ற சிறு மண்டபத்திலே தோன்றினர். நீண்ட பயிற்சியும் விலையுயர்ந்த கருவிகளும் இன்றி, மூன்று சுரக்கோவைகளை அறிந்த எவனும் மேடையேறலாம் என்பது இவ்விசையின் கொள்கை. 1976ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிரான்சு நாட்டின் மோன் டி மார்சான் என்னும் ஊரிலே, காளைப்போர் அரங்கொன்றில், ஐரோப்பியப் பங்க் விழா நடைபெற்றது. அடுத்த மாதமே இலண்டன் ஒக்ஸ்போர்ட் வீதியிலுள்ள ‘100 கிளப்’ மண்டபத்தில் இரண்டு நாள் விழாவொன்று நிகழ்ந்தது.

இசைக்கு எது கொள்கையோ அதுவே அதன் விளம்பரத்துக்கும் கொள்கையாயிற்று. செய்தித்தாள்களிலிருந்து எழுத்துக்களைக் கத்தரித்து, பசையால் ஒட்டி, போட்டோப் பிரதி எடுத்துச் சுவர்களிலே பதித்தனர். இங்கிலாந்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவுக்கு ஜேமி றீட் என்பவர் ஆக்கிய ஓவியங்கள் இதற்குத் தக்க சான்று. கடத்தற்காரர் அனுப்பும் மிரட்டற் கடிதம்போல, ஒன்றோடொன்று ஒவ்வாத எழுத்துக்களை அவர் அடுக்கினார். எலிசபெத் அரசியாரின் வெள்ளிவிழா ஆண்டாகிய 1977இல் அரசியாரின் உருவப்படத்தின் கண்களையும் வாயையும் அத்தகைய எழுத்துக்களால் மறைத்து அவர் செய்த ஆக்கம் நாட்டையே சினங்கொள்ளச் செய்தது. கலிபோர்ணியாவிலே பிளாக் பிளாக் என்னும் குழுவுக்கு றேமண்ட் பெற்றிபோன் மையினால் வரைந்த சித்திரங்கள் இலவசத் துண்டுப்பிரசுரங்களாகத் தெருவெங்கும் சிதறின. பின்னாளில் அவருடைய ஓவியங்கள் பெரும் அரும்பொருட்சாலைகளில் இடம்பெற்றன.

இத்துண்டுப்பிரசுரங்களுக்கும் சேகரிப்போர் இன்று விரும்பும் திரையச்சுக்கும் வேறுபாடு உண்டு. திரையச்சு என்பது துளைத்தகட்டு அச்சின் ஓர் வளர்ச்சி. ஜப்பானியர் துணிக்குச் சாயமிடுவதற்கு வெட்டுத்தாள்களை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். நுண்ணிய வெட்டுக்கள் சிதையாதிருக்கப் பட்டு நூலைக் குறுக்கே இழுத்துப் பொருத்தினர். மன்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் 1907இல் பட்டுத்திரை முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1930களில் அமெரிக்க அரசு வேலையற்ற கலைஞருக்குத் தொழில் அளித்தபோது, அன்ரனி வெலோனிஸ் என்பவர் நியூயோர்க்கில் அரசாங்கச் சுவரொட்டிகளுக்கு இம்முறையைக் கைக்கொள்ளச் செய்தார்.

செய்முறை எளிது, ஆயினும் பொறுமை வேண்டும். சட்டத்தில் இறுக்கிக் கட்டிய மெல்லிய வலையின்மீது ஒளிபட்டால் இறுகும் பசை பூசப்படும். படம் வரைந்த ஒளிபுகு தாளை அதன்மேல் வைத்து ஒளியைப் பாய்ச்சினால், கோடுகளால் மறைக்கப்பட்ட இடம் இறுகாது நிற்கும். நீரால் கழுவும்போது அவ்விடம் திறந்துகொள்ளும். பின்னர் றப்பர் விளிம்புடைய கட்டையினால் மையை இழுத்தால், திறந்த வழியே அது தாளில் இறங்கும். நிறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை வேண்டும். நான்கு நிறமாயின் ஒரே தாளை நான்கு முறை, இம்மியும் பிசகாது பொருத்தி வைத்தல் வேண்டும். வேலை முடிந்ததும் திரையைக் கழுவி அடுத்த படத்துக்கு ஆயத்தம் செய்வர். ஆகவே, பிரதிகளின் தொகை குறைவாய் இருப்பது தொடக்கத்தில் வணிகத் தந்திரம் அன்று, கைத்தொழிலின் இயல்பு.

1980களில் ரெக்சஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரின் பங்க் மண்டபங்களுக்குத் துண்டுப்பிரசுரம் வரைந்த பிராங்க் கோசிக் என்பவர், பின்னர் பன்னிறத் திரையச்சிலே பெரிய சுவரொட்டிகளை ஆக்கினார். 2023இல் மறைந்த இவரே அருகிவந்த இக்கலைக்கு மீண்டும் உயிரூட்டியவர்களுள் முதன்மையானவர் எனலாம். 2002இல் சுவரொட்டிக் கலைஞர்களுக்கென அமெரிக்கச் சங்கமொன்று அமைக்கப்பட்டது. அதன் முதலாவது கண்காட்சிச் சந்தை அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் கூடியது. புளோரிடாவின் கெயின்ஸ்வில் நகரில் 2002 முதலும், சிக்காகோவில் 2005 முதலும் பெரும் பங்க் விழாக்கள் தோன்றின. இத்தகைய விழாக்களையும் அவற்றில் பாடும் குழுக்களையும் முன்னிட்டு ஓவியர் ஒருவர் நூறோ இருநூறோ பிரதிகள் அச்சிட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒப்பமிட்டு, ‘45/200’ என்பதுபோல இலக்கமும் இடுவார். இருநூற்றுள் இது நாற்பத்தைந்தாவது என்பதே அதன் பொருள். இலக்கம் சிறிதாயின் அச்சுச் சிறந்தது என எண்ணுவோர் உளர், அஃது உண்மையன்று. அச்சிட்ட ஒழுங்கிலேயே இலக்கமிடவேண்டும் என்ற நியதி இல்லை.

இனி, தொடக்கத்திற் கூறிய வினாவுக்கு வருவோம். 1968 மே மாதத்தில் பாரிஸ் மாணவரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தபோது, நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர்கள் ‘மக்கள் பட்டறை’ என்ற பெயரிலே திரையச்சுச் சுவரொட்டிகளை ஆயிரக்கணக்கில் அச்சிட்டனர். அவற்றை அலங்காரப் பொருளாக வீட்டில் மாட்டுவதும், கலைப்பொருளாகக் கொள்வதும் அவற்றின் பணியைக் கெடுப்பதாகும் என அவர்கள் வெளிப்படையாகவே அறிவித்தனர். தெருவும் தொழிற்சாலைச் சுவருமே அவற்றுக்கு உரிய இடம் என்பது அவர்கள் கருத்து. யாவரும் செய்யலாம், யாவருக்கும் உரியது என்று முழங்கிய பங்க் இயக்கத்துக்கும் இக்கண்டனம் பொருந்தும் அன்றோ? விழா வாயிலிலே வாங்கிய தாளை மறுநாளே பன்மடங்கு விலைக்கு விற்பவன், அந்த இசையையும் கேட்டிலன். அந்த ஓவியத்தையும் கண்டிலன். அவன் கண்டது இலக்கம் ஒன்றையே.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. ஒட்டப்பட்டவை யாவும் அழிந்துபோயின. எடுத்து வைக்கப்பட்டவையே எஞ்சின. ஆண்ட்ரூ கிறைவின் என்பவர் 1977இல் இலண்டனிலே இளைஞராய் இருந்தபோது திரட்டத் தொடங்கிய பங்க் சுவரொட்டிகளே, 2018இல் மிச்சிகன் மாநிலத்துக் கிரான்புறூக் கலைக்கூடத்திலும் 2019இல் நியூயோர்க்கிலும் பொதுமக்கள் காணும் கண்காட்சியாயின. கோர்னெல் பல்கலைக்கழக நூலகம் பங்க் துண்டுப்பிரசுரங்களை ஆராய்ச்சியாளருக்கென ஒழுங்காகப் பேணிவருகிறது. ஒருவர் பெட்டியில் வைத்தது ஊரார் கண்ணுக்கு மீண்டும் வந்தது. அன்றியும், விழாவில் விற்கப்படும் பிரதியின் விலை அதை வரைந்து, மை இழுத்து, உலர்த்திய கலைஞனின் சீவனத்துக்கு உதவுகின்றது.

ஆகவே சேர்ப்பது குற்றமன்று. எவ்வாறு சேர்ப்பது என்பதே கருதத்தக்கது. நல்ல சேகரிப்பாளன் முதலில் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். திரையச்சின் மை தாளின்மேல் மெல்லிய படலமாய் நிற்கும். சரிவான வெளிச்சத்தில் அதன் விளிம்பு தெரியும். உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கும்போது, நான்கு நிறப் புள்ளிகள் பூப்போலக் கூடி நிற்குமாயின் அது பெரும்பாலும் இயந்திரத்தில் எடுத்த மறுபதிப்பாகும். அடுத்து, பேணும் முறையை அறிகிறான். அமிலம் நீங்கிய தாள்களுக்கிடையே தட்டையாக வைத்தல், நேர் வெயிலைத் தவிர்த்தல், ஈரக்கசிவுள்ள சுவரை விலக்கல், ஒட்டுநாடாவைத் தாளிற் படவிடாமை ஆகிய இந்நான்கும் கைக்கொண்டால் ஒரு தாள் தலைமுறைகள் கடந்தும் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த விழா, எந்த நாள், எந்த மண்டபம், வரைந்தவர் யார், எத்தனை பிரதிகள் என்பவற்றை எழுதி வைக்கின்றான். இக்குறிப்பு இல்லாத தாள் அழகியதாயிருக்கலாம், வரலாறு ஆகாது.

கேட்டவர்க்குக் காட்ட மறுத்து வைத்திருப்பவனிடம் ஆயிரம் சுவரொட்டிகள் இருப்பினும் அவை வெறும் தாள்களே. பத்தே வைத்திருப்பவன் அவற்றைப் பிறர்க்கு விரித்துக் காட்டி, பாடியவரையும் வரைந்தவரையும் நினைவூட்டுவானாயின், சுவரின் பணி அவன் வீட்டிலும் தொடர்ந்து நடைபெறுகின்றது.