உறுப்பு மாற்றிய பிறகும் வலி இருக்கு



உறுப்பு தானம்னு சொன்னா, 2008-ல் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த திருக்கழுக்குன்றம் டாக்டர் தம்பதி ஞாபகம் வரும். இப்படித் தானம் செய்தவங்களுக்கு அரசு மரியாதைன்னு 2023-ல் முதல்வர் அறிவிச்சார். சரிதான். ஆனா உறுப்பை வாங்கிக்கிட்டவங்க வீட்டுக்கு வந்த பிறகு என்ன பாடுபடுறாங்க? அதைத்தான் பேச வந்தேன்.

புதுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமா பார்க்கும். அது எதிர்க்காம இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அந்த மாத்திரையால கை நடுங்கும், சர்க்கரை ஏறும், சுலபமா கிருமி தொத்தும். பல வருஷம் கழிச்சு அந்தச் சிறுநீரகமும் சிலருக்குப் பழுதாகி, மறுபடி டயாலிசிஸ். தூக்கம் வராது, பயம், கடன்.

இதுக்குத்தான் ஆதரவு சிகிச்சை இருக்கு. பாலியேட்டிவ் கேர்னு சொல்வாங்க. அந்தப் பேரைக் கேட்டதும், "டாக்டர் கைவிட்டுட்டாரா?"ன்னு வீட்ல அழுகை. இல்லைங்க. மாத்திரை, பரிசோதனை எல்லாம் நடக்கும்போதே, கூடவே வலி, வாந்தி, அரிப்பு, மனக்கவலையைப் பார்க்கிற சிகிச்சை அது. உறுப்புக்காகக் காத்திருக்கிறப்பவே கேட்கலாம். இனி டயாலிசிஸ் வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா, வாயை அடைக்காம டாக்டர் முன்னால உட்கார வெச்சு அவர் மனசைக் கேட்கணும். அப்பவும் இந்தச் சிகிச்சை உண்டு.

2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல இது இருக்கு. அதுல வீடு வீடா போற தன்னார்வலர்கள் நம்ம குழுப் பெண்கள்தான். அவங்ககிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ சொன்னா, ஆதரவு சிகிச்சை நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க.

வலிக்குதேன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கித் தராதீங்க, சிறுநீரகம் கெடும். டாக்டரைக் கேட்காம நாட்டு மருந்தும் வேண்டாம். கையில காசில்லைன்னு மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. அந்த வீட்டுப் பெண் உள்கடன் கேட்டா, வரிசையைப் பார்க்காம முதல்ல கொடுங்க.

இன்னொண்ணு. உயிரோட சிறுநீரகம் கொடுக்கிறது நம்ம நாட்டுல பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான். கொடுத்த கையோட அடுப்படிக்கும் கழனிக்கும் போயிடுறோம். கொடுத்தவங்களும் வருஷா வருஷம் பிரஷர், ரத்தம், சிறுநீர் பார்த்துக்கணும். அடுத்த மாசக் கூட்டத்துல உங்க ஊர்ல இப்படி யார் இருக்காங்கன்னு விசாரிச்சு, அவங்க சம்மதத்தோட தன்னார்வலர்கிட்ட சொல்லுங்க.