அம்மா குடித்த காபி

நடுவர் அவர்களே! இல்லறத்தில் விட்டுக்கொடுப்பது மனைவிதான் என்பதற்கு எங்க திருத்துறைப்பூண்டி வீட்டுக் காபியே சாட்சி. தளதளன்னு கொதிக்கிற தண்ணியை அம்மா ஃபில்டரில் ஊற்ற மாட்டார். கொதி அடங்கணும், இல்லாட்டி டிகாக்‌ஷன் கசக்கும். பாலைத்தான் பொங்கக் காய்ச்சுவார்; டிகாக்‌ஷனை அடுப்பேற்றவே மாட்டார். அப்பாவுக்கோ நாக்கு பொசுங்கணும்! 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னது. அதெல்லாம் தெரியாத அம்மா, டபராவில் நாலு ஆற்று ஆற்றித்தான் கொடுப்பார். (கைதட்டல்)

எல்லாருக்கும் கொடுத்துவிட்டு அவர் குடித்தது? பச்சைத்தண்ணியா ஆறிப்போனது! நாங்க ஒருத்தரும் கவனிக்கலை, ஐயா. போன மாதம் என் மனைவிக்கு நானே முதல் டம்ளர் போட்டேன். "டிகாக்‌ஷனைக் கொதிக்க வெச்சுட்டீங்களே" என்றாள். ஆனா, சூடு இருக்கும்போதே முழுசும் குடிச்சிட்டா!