பைன்மரத் தீவின் பருவங்கள்



உயர்தர வகுப்பில் அகத்திணை மரபைக் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று விளக்கி, கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளையும் கரும்பலகையில் எழுதி முடித்ததும், பின்வாங்கிலிருந்து ஒருவர் கேட்பார்: "சேர், நிலம் முதற்பொருள் எண்டால் சரி. பொழுது எப்படி முதற்பொருள் ஆகும்? மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும் மனுசர் தங்கட வேலையைச் செய்யத்தானே வேணும்?"

நியாயமான கேள்விதான். மாரியையும் கோடையையும் மட்டும் அறிந்த நமக்குப் பொழுது என்பது பெரும்பாலும் பாட்டுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாகவே தோன்றுகிறது. அக்கேள்விக்குச் செய்யுளிலிருந்து மேற்கோள் காட்டி விடை சொல்வதை நான் சில ஆண்டுகளாகக் குறைத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக உறைந்து கிடக்கும் ஓர் ஏரியின் கதையைச் சொல்கிறேன். இன்று உங்களுக்கும் அதையே சொல்ல விழைகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடாவைத் தொட்டுக் கிடக்கும் வட விளிம்பில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பழங்காலத்துப் பனிக்கட்டியாறுகள் கரும்பாறையைச் சுரண்டிச் சென்ற தடங்கள் அவை. 'பவுண்டரி வோட்டர்ஸ்', அதாவது எல்லைநீர்கள் என்று அப்பகுதிக்குப் பெயர். நாட்டெல்லையே நடுவே ஓடும் அந்த ஏரிகளில் ஒன்று நைஃப் ஏரி. நைஃப் என்றால் கத்தி. அதன் கரையில் உள்ள கூரிய கல்லைக் கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்தோர் ஆயுதங்கள் செய்தனர். பிற்காலத்தில் ஒஜிப்வே மக்களின் வள்ளங்களும், விலங்குத்தோல் வணிகரின் வள்ளங்களும் அவ்வழியே சென்றன. வாகனம் போகும் தெரு ஏறத்தாழப் பதினைந்து மைல் தொலைவில் முடிந்துவிடுகிறது. அதன்பின் வள்ளந்தான். ஓர் ஏரி முடிந்து மற்றோர் ஏரி தொடங்கும் இடைநிலத்தில் அந்த வள்ளத்தைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும்.

இந்த ஏரியில், பைன்மரத் தீவு என்று பொருள்படும் பெயர்கொண்ட சிறிய இடத்தில், பில் பெர்க்லண்ட் என்பவர் மீன்பிடி விடுதி ஒன்றை நடத்தி வந்தார். விடுதி என்றதும் பெரிய மாளிகையை எண்ணிக்கொள்ள வேண்டாம். மரக்குற்றிகளால் அடுக்கிய சில குடில்கள், ஒரு படகுத்துறை, விறகடுப்பு, அவ்வளவுதான். 1930ஆம் ஆண்டு கோடையில் சிக்காகோவிலிருந்து தந்தையாருடன் மீன்பிடிக்க வந்தார் டொரதி மோல்ட்டர் என்ற தாதியர் பயிற்சி மாணவி. அப்போது அவருக்கு வயது 23. படித்துத் தேறியபோது பொருளாதார மந்தம் நாட்டை அழுத்திக்கொண்டிருந்தது. 1934இல் அவர் அத்தீவுக்கே திரும்பிவந்து, முதுமையுற்றிருந்த பெர்க்லண்டுக்கு உதவியாளராகவும் தாதியாகவும் தங்கினார். 1948இல் பெர்க்லண்ட் காலமானபோது விடுதி அவருக்கு உரித்தாயிற்று.

இனி அந்த ஏரியின் ஆண்டைப் பார்ப்போம். நம்முடைய வரிசைப்படி தொடங்குவது பொருந்தாது. அங்கு எல்லாவற்றையும் தீர்மானிப்பது பனிக்கட்டிதான்.

நவம்பர் அளவில் ஏரி உறையத் தொடங்கும். அந்த உறைதலில் ஓர் அற்புதம் இருக்கிறது. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரக் கனப்பன. நீரோ 4 பாகை செல்சியசில் மிகக் கனமாக இருந்து, அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகிறது. எனவே கடுங்குளிர் நீர் மேலே நின்று உறைகிறது. அடியில் 4 பாகை நீர் உறையாமல் கிடக்கிறது. இந்த ஒரு விதிவிலக்கு இல்லையேல் ஏரி அடியிலிருந்து கட்டியாகிவிடும். மீனும் இராது, மீன்பிடி விடுதியும் இராது.

முதலில் படியும் கட்டி மெல்லியது. வள்ளம் அதனை உடைத்துக்கொண்டு செல்ல இயலாது. மனிதர் மேலே நடக்கவும் இயலாது. தெளிந்த புதுக்கட்டி நாலு அங்குலமேனும் தடிப்படைந்தால்தான் ஒருவர் நடக்கலாம் என்பர். அதுவரை தீவில் இருப்பவர் தீவில்தான். வசந்தத்தில் கட்டி இளகும்போதும் இதே நிலைமை. நோய் வந்தாலும் கடிதம் வந்தாலும் காத்திருக்க வேண்டும். பொழுது முதற்பொருளா என்று கேட்ட மாணவருக்கு நான் முதலில் சொல்வது இந்தக் காத்திருப்பைத்தான். ஆண்டில் இருமுறை, பலநாட்கள், அங்கே மனிதர் போகும் வழியையே பொழுது மூடிவிடுகிறது.

கட்டி தடித்தபின் ஏரியே தெருவாகிவிடும். வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் இறங்கும். இரவில் கட்டி வெடிக்கும் ஓசை, தொலைவில் இடி முழங்குவதுபோலக் கேட்குமாம். கட்டியில் துளையிட்டுத் தூண்டில் இறக்கினால் ஏரி ட்ரவுட் மீன் கிடைக்கும். ஆங்கிலேயர் நமது நுவரெலியா ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டுக்கு இது உறவுமுறை. ஆனால் உருவிலும் எடையிலும் பெரியது. குளிர்நீரையே விரும்புவது. மிக மெதுவாக வளர்வது. முட்டையிடும் பருவத்தை அடையவே பல ஆண்டுகள் செல்லும். பெரிய மீன்களை ஒருமுறை அள்ளிச்சென்றால் அந்த இடம் நிரம்ப நெடுங்காலம் வேண்டும். இந்தச் செய்தியை நேயர்கள் மனதில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பனிக்காலத்தின் பெரிய வேலை மீன்பிடிப்பதன்று, பனிக்கட்டி அறுப்பது. வாளால் ஏரியைப் பாளம் பாளமாக அறுத்து, இழுத்துச் சென்று, மரத்தூளோ பாசியோ இட்டு மூடிக் கொட்டிலில் அடுக்குவார்கள். மின்சாரமில்லாத தீவில் கோடை முழுவதும் மீனையும் இறைச்சியையும் காப்பது இந்தப் பனிக்காலச் சேமிப்புத்தான். நாம் மாரி நீரைக் குளத்தில் தேக்கிக் கோடையில் பயிருக்கு விடுகிறோம். அவர்கள் குளிரைத் தேக்கினார்கள்.

பெரும்பாலும் மே மாதத் தொடக்கத்தில் கட்டி கருத்து, உடைந்து, காற்றில் ஒதுங்கும். உடனே லூன் எனப்படும் நீர்ப்பறவைகள் வந்துவிடும். அவற்றின் நெடிய கூவலை அழுகை என்பாரும் உளர், சிரிப்பு என்பாரும் உளர். ட்ரவுட் மீன்கள் அப்போது மேல்நீரில் உலாவும். வோல்ஐ என்றொரு மீன் கரையோரக் கற்களில் முட்டையிடும். அதன் கண்ணின் உட்புறத்தில் பூனைக் கண்ணில் உள்ளதுபோல ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. ஆதலால் மங்கிய வெளிச்சத்தில் இரைதேடும். அதைப் பிடிக்க விரும்புவோர் கருக்கலிலும் வைகறையிலும் வள்ளம் ஏற வேண்டும். யூன் மாதத்தில் நுளம்பும் கரும் ஈயும் மொய்த்துவிடும் என்பதை விடுதிக்காரர் எவரும் விளம்பரத்தில் சொல்வதில்லை!

கோடையில் மேல்நீர் சூடேற, ட்ரவுட் ஆழத்துக்கு இறங்கிவிடும். விருந்தினர் வரும் காலமும் அதுதான். டொரதி அம்மையார் தம் குடிலையும் வந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்துத் தாம் கூடாரத்தில் வசிப்பார். தூண்டில் முள் விரலில் ஏறியவர், கோடரியால் காலை வெட்டிக்கொண்டவர் எல்லோரும் அவரைத் தேடித்தான் வள்ளம் வலித்தனர். உடைந்த துடுப்புகளைக் கொண்டு அவர் தம் பூந்தோட்டத்துக்கு வேலியிட்டார். துடுப்பு உடைந்தவர்கள் தாங்களாகவே அதனைக் கொண்டுவந்து கொடுப்பது பின்னர் ஒரு வழக்கமாயிற்று.

செப்டெம்பரில் பேர்ச், ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாகும். நுளம்பு ஓயும். ஏரி குளிர்ந்து மேல்நீரும் கீழ்நீரும் கலக்க, ட்ரவுட் மீண்டும் மேலே வந்து பாறைத் திட்டுகளில் முட்டையிடும். விருந்தினர் குறைவர். அம்மையாருக்கு விறகு பிளக்கும் காலம் தொடங்கும்.

நேயர்களே, இப்பருவங்களை இலக்கியமாக்கியவர் சிகர்ட் ஒல்சன் என்பவர். அதே வட்டாரத்து ஈலி என்னும் சிற்றூரில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். கோடையில் வள்ள வழிகாட்டியாகவும் உழைத்தவர். 1956இல் வெளிவந்த அவரது 'த சிங்கிங் வில்டர்னஸ்', 'பாடும் வனாந்தரம்' என்று நாம் பெயரிடலாம், நான்கு பருவங்களாக வகுக்கப்பட்ட கட்டுரைத் தொகுதி. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் எனக்கு அவர்மீது தனிப் பற்று உண்டு. ஆனால் டொரதி அம்மையாரின் வாழ்வைக் குலைத்த மாற்றங்களில் அவருடைய கையும் இருந்தது.

1940களில் ஈலி, நீரில் இறங்கும் விமானங்களுக்குப் பெரிய தளமாயிருந்தது. நகரத்தவர் காலையில் பறந்துவந்து, மீன் பிடித்து, மாலையில் திரும்பினர். மெதுவாக வளரும் ட்ரவுட் இதனைத் தாங்குமா? ஏரியின் அமைதிதான் தாங்குமா? ஒல்சனும் அவருடன் சேர்ந்தோரும் கிளர்ச்சி செய்தனர். 1949 டிசம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் அவ்வான்வெளியில் 4,000 அடிக்குக் கீழ் விமானம் பறப்பதற்குத் தடை விதித்தார். 1950களின் தொடக்கத்தில் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. காட்டில் இருந்த விடுதிகளை அரசு விலைகொடுத்து வாங்குவதற்கான சட்டம் அதற்கு முன்னரே, 1948இல், நிறைவேறியிருந்தது. விடுதிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

விமானம் நின்றதும் அம்மையாரின் விடுதிக்கு விருந்தினரும் பொருட்களும் வரும் வழி அடைபட்டது. விமானத்தில் வந்திறங்கிய சோடாவின் வெறும் போத்தல்கள்தாம் மிஞ்சிக் கிடந்தன. அவர் என்ன செய்தார்? ஏரித்தண்ணீரில் சீனியும் நொதியும் ரூட் பியர்ச் சாரமும் கலந்து அப்போத்தல்களில் அடைத்தார். பியர் என்று பெயரே தவிர, இது நம்முடைய ஜிஞ்சர் பியர் போன்ற ஒரு குளிர்பானம். சுவையில் நன்னாரியின் சாயல் உண்டு. பனிக்காலத்தில் அறுத்து வைத்த ஏரிக்கட்டியில் அவை குளிர்ந்தன. வள்ளம் சுமந்து களைத்து வந்தவர்களுக்கு அது அமிர்தமாயிருந்திருக்கும். சில ஆண்டுகளில் பதினோராயிரம் போத்தல்களுக்கு மேல் தயாரித்தார் என்பர். 1952இல் ஒரு பிரபல வார இதழ் அவரை 'அமெரிக்காவின் மிகத் தனிமையான பெண்' என்று வர்ணித்தது. கோடைதோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் வீட்டில் வாழ்ந்தவருக்கு இது நல்ல பட்டம்!

1964இல் வனாந்தரச் சட்டம் வந்தது. வனாந்தரம் என்பது மனிதன் வந்து செல்லும் இடம், அவன் தங்கும் இடமன்று என்பது அதன் இலக்கணம். தமிழாசிரியனாகிய நான் தடுமாறும் இடம் இதுதான். நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்திலும் தெய்வமும் விலங்கும் பறவையும் மரமும் இருப்பதுபோல மக்களும் இருக்கிறார்கள். கொடிய பாலைக்குங்கூட எயினர் உண்டு. ஆளில்லா நிலம் ஒன்றை நமது இலக்கணம் கற்பனை செய்யவில்லை. ஒஜிப்வே மக்களும் அவ்வேரிகளை ஆளில்லா நிலமாக ஒருபோதும் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அச்சட்டம் இல்லாதிருந்தால் அந்த ஏரிகளைச் சுற்றித் தெருவும் கட்டடமும் இயந்திரப் படகும் நிறைந்திருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. ஒல்சன் சொன்னதும் சரி. அம்மையார் எழுந்துபோக மறுத்ததும் சரி. இரண்டும் சரியாக இருக்கும்போது யார் பக்கம் நிற்பது என்று மாணவர்கள் கேட்டால் நான் மௌனமாகிவிடுகிறேன்.

வெளியேறுமாறு அவருக்கு உத்தரவு வந்தது. நண்பர்களும் முன்னாள் விருந்தினரும் மனுக்கொடுத்தனர். 1970களில் அரசு ஒரு வழி கண்டது. அவரையும், அயல் ஏரியில் வாழ்ந்த பென்னி அம்புரோஸ் என்ற முதியவரையும் வனத்துறைத் தொண்டர்கள் என்று பதிந்து, உயிருள்ளவரை இருக்க அனுமதித்தது. வாணிபம் கூடாது, ஆகவே ரூட் பியருக்கு விலை இல்லை, விரும்பியதைக் கொடுக்கலாம். 1977இல் மேலும் கடுமையான சட்டம் குறித்து ஈலியில் விசாரணை நடந்தபோது, சினங்கொண்ட ஊரவர் ஒல்சனின் உருவப் பொம்மையைத் தூக்கிலிட்டுத் தொங்கவிட்டனர். 78 வயதை எட்டியிருந்த அவர் அதனைக் கண்டும் தம் கருத்தைக் கூறித்தான் சென்றார். 1982இல் அவர் மறைந்தார். அதே ஆண்டில் அம்புரோசும் இறந்தார். பரந்த அந்நீர்நாட்டில் நிரந்தரமாக வசிப்பவர் என்று ஒருவர்தாம் எஞ்சினார்.

1986 டிசம்பரில், 79ஆவது வயதில், டொரதி அம்மையார் தம் தீவிலேயே உயிர்நீத்தார். சட்டப்படி தீவு வெறுமையாக வேண்டும்; குடில்களை அகற்றியாக வேண்டும். நண்பர்கள் அவற்றைக் குற்றி குற்றியாகக் கழற்றினர். ஏரி தடித்து உறைந்திருந்த அந்தப் பனிக்காலத்திலேயே, நாய்கள் இழுத்த சறுக்குவண்டிகளிலும் பனிவண்டிகளிலும் ஏற்றி, கட்டியின்மேல் ஈலிக்குக் கொண்டுசென்றனர். அங்கே மீளப் பொருத்தப்பட்ட அவை 1993இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டன. தீவில் இப்போது பைன் மரங்கள் மட்டும் நிற்கின்றன.