பழைய படகும் நெடும் பயணமும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்று ஒரு பழைய பாய்மரப் படகைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கட்டுக்கதை அல்ல, நடந்த கதை.

ஜோஷுவா ஸ்லோக்கம் என்றொரு மாலுமி. 1844-இல், இன்றைய கனடாவில் பிறந்தவர். பத்து வயது வாக்கிலேயே பள்ளியை விட்டு, தந்தையின் செருப்புப் பட்டறைக்கு வேலைக்குப் போனார். பிறகு கடலில் வளர்ந்து கப்பல் தலைவரானார். நீராவிக் கப்பல்கள் பெருகின. பாய்க்கப்பல்காரர்களுக்கு வேலை குறைந்தது. அந்த நேரத்தில், 1892-இல், தெரிந்தவர் ஒருவர் அவருக்கு ஒரு கப்பல் தருவதாகச் சொன்னார். அமெரிக்காவில் ஃபேர்ஹேவன் என்ற ஊருக்குப் போய்ப் பார்த்தால், கடலுக்குத் தூரத்தில், வயலில் முட்டுக்கொடுத்து நிற்கிறது ஓர் உளுத்த படகு! பெயர் ‘ஸ்ப்ரே’. நீளம் 37 அடிகூட இல்லை.

வந்தவரைப் பார்த்து, உடைக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஊரார் நினைத்தார்கள். புதுப்பிக்கப் போகிறேன் என்றார் அவர். “இதுல என்ன லாபம்?” இதுதான் ஊராரின் ஒரே கேள்வி.

அவர் என்ன செய்தார்? பக்கத்திலிருந்த ஓக் மரத்தை வெட்டி அடிமரம் போட்டார். இளமரங்களை நீராவியில் வேகவைத்து வளைத்து, விலாக்கட்டைகள் ஆக்கினார். ஒன்றரை அங்குலப் பைன் பலகைகளை அடித்து, சந்துகளில் பஞ்சைத் திணித்தார். கைச்செலவுக்குத் துறைமுகத்தில் திமிங்கிலக் கப்பல்களில் கூலி வேலையும் பார்த்தார். சாமான் செலவு 553 டாலர் 62 காசு. உழைப்பு 13 மாதம்.

கடைசியில்தான் பெயின்ட். அடியில் பூச்சியும் சிப்பியும் பிடிக்காமலிருக்கத் தாமிரப் பெயின்ட் இரண்டு பூச்சு. மேலே வெள்ளை இரண்டு பூச்சு. பிள்ளைகளே, இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் விலா, பிறகு பலகை, அப்புறம்தான் வர்ணம்.

1895 ஏப்ரல் 24-இல் பாஸ்டனிலிருந்து தனி ஆளாகக் கிளம்பினார். 1897-இல் நம் பக்கத்து இந்தியப் பெருங்கடலில் கீலிங் தீவுகளுக்கு வந்தார். மலாய்த் தொழிலாளர்கள் உழைத்த தென்னந்தோட்டத் தீவுகள் அவை. 2,700 மைலை 23 நாளில் கடந்தார். சுக்கானைப் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரம்தான். படகு தானாகவே நேர்வழியில் ஓடியது! அங்கே ஒரு பவளப்பாறையில் மோதியபோது பிளந்தது பாறைதான். முன்பக்கத்து ஓக் மரத்தில் ஒரு கீறலும் விழவில்லை. 1898 ஜூன் 27-இல் ஊர் திரும்பினார். உலகத்தைத் தனியாகப் படகில் சுற்றிய முதல் மனிதர் அவரே. பள்ளியை விட்டாலும் படிப்பை விடவில்லை. படகிலும் புத்தகங்கள் இருந்தன. 1900-இல் தம் பயணத்தைத் தாமே புத்தகமாக எழுதினார்.

பெற்றோர்களே, நம்மிடமும் அதே கேள்விதான் கேட்கிறார்கள். “படிக்க வச்சு என்ன லாபம்? வேலைக்கு அனுப்பினா நாலு காசு வருமே!” அந்தப் பதின்மூன்று மாதத்தில் படகு ஒரு காசு சம்பாதிக்கவில்லை, ஓரடியும் நகரவில்லை. ஆனால் கீலிங் பாறையைப் பிளந்தது அந்த மாதங்களின் உழைப்புதான். உங்கள் பிள்ளை பள்ளியில் இருக்கும் வருஷங்கள் விலாக்கட்டை போடும் வருஷங்கள். பாதியில் தண்ணீரில் தள்ளிவிடாதீர்கள்.

மாணவர்களே, இன்று வாங்கும் பரிசு மேல்பூச்சு. எழுத்தும் கணக்கும் ஒழுக்கமுமே அடிமரம். அதை உறுதியாகப் போடுங்கள்.