எட்டா, பத்தா? அரிட்டாபட்டிக்கு ஒரு பைனாகுலர்

போன வாரம் இன்பாக்ஸ்ல ஒரு கேள்வி: "ப்ரோ, அமெரிக்க வேட்டை வீடியோவா பார்த்து ரைபிள் ஆசை வந்துருச்சு. நம்ம ஊர்ல எது வாங்கலாம்?"

ஒண்ணும் வாங்க முடியாது தம்பி. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இங்க வேட்டை குற்றம். துப்பாக்கி உரிமம்கிறது வேற கதை; அது கையில இருந்தாலும் காட்டுக்குள்ள சுட அனுமதி கிடையாது. ஏர்கன் எடுத்துட்டுப் போய் கண்மாய்ல கொக்கு அடிச்சாலும் அது வேட்டைதான். "சும்மா ஒண்ணே ஒண்ணு"ன்னு சொன்னாலும் கேஸ் கேஸ்தான்.

ஆனா உண்மையைச் சொல்லணும்ல, அந்த வீடியோவெல்லாம் நானும் பார்ப்பேன். மொன்டானா, கொலராடோ பக்கம் எல்க் வேட்டைக்குப் போறவங்க திரும்பத் திரும்பச் சொல்றது ஒண்ணுதான்: ரைபிளுக்குச் செலவழிக்கிற காசுக்குக் குறையாம பைனாகுலருக்கும் செலவழி. அங்க நிலம் திறந்து கிடக்கும், மிருகம் தூரத்துல நிக்கும். பாதி நாள் ஒரு மேட்டுல உட்கார்ந்து எதிர்ச் சரிவைத் துண்டு துண்டா தேடுறதுதான் வேலை.

நம்ம கென்னத் ஆண்டர்சன் கதைகளைப் படிச்சவங்களுக்குத் தெரியும். .405 வின்செஸ்டரோட ஜவளகிரி காட்டுல அவர் புலிக்குக் காத்திருந்தது வேற மாதிரி. அடர்ந்த காடு, இருட்டு, பக்கத்துல வர்ற மிருகம். அங்க காதுதான் முக்கியம். மதுரை அப்படி இல்லை. இங்க பொட்டல், கண்மாய், நடுவுல மொட்டைப் பாறை. அந்த விஷயத்துல நம்ம நிலம் கொலராடோவுக்குத்தான் நெருக்கம். அதனால துப்பாக்கியைத் தள்ளிவெச்சுட்டு, அவங்க லிஸ்ட்ல மிச்சம் இருக்கிறதை எடுத்துக்கலாம்.

முதல்ல என் முட்டாள்தனம். நான் முதன்முதல்ல வாங்கினது 20x50. இருபது மடங்கு பெருசா தெரியும்னா சும்மாவா? சாமநத்தம் கண்மாய் கரையில நின்னு தூக்கினேன். என் இதயத்துடிப்பு தவிர ஒண்ணும் தெரியலை. மஞ்சள் மூக்கு நாரை கூட்டமே நிலநடுக்கத்துல நிக்கிற மாதிரி ஆடுச்சு. இன்ஜினியரிங் படிச்சவன் ஸ்பெக் ஷீட்ல பெரிய நம்பரைப் பார்த்து ஏமாந்த கதை இது, வெளிய சொல்லாதீங்க. (சிரிப்பு)

8x42ன்னு எழுதியிருந்தா, 8 உருப்பெருக்கம், 42 முன்பக்க லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. 42ஐ எட்டால வகுத்தா 5.25. கண்ணுக்குள்ள வர்ற ஒளி வட்டத்தோட அளவு அது. 10x42ல 4.2. என் 20x50ல வெறும் 2.5. விடிகாலை மங்கல் வெளிச்சத்துல நம்ம கண்பாவை விரிஞ்சிருக்கும், அப்ப 2.5 வந்தா படம் இருட்டாத்தான் இருக்கும். எட்டுல பார்வை வட்டமும் பெருசு, பறக்கிற பறவையை உள்ள பிடிக்கிறது சுலபம். கையும் குறைவா நடுங்கும்.

"பத்துல இன்னும் தெளிவா தெரியாதா?" தெரியும், காலை எட்டு மணி வரைக்கும். அதுக்கப்புறம் நம்ம ஊர்ப் பாறை சூடேறி கானல் எழும்பும். கானலையும் சேர்த்துத்தான் பத்து மடங்கு பெருசாக்கும். அமெரிக்கன் பத்து சொல்றான்னு இங்க கண்ணை மூடிட்டு வாங்காதீங்க. என் ஓட்டு எட்டுக்குத்தான்.

கடையில கேட்க வேண்டியது: பிரிசம் BaK-4ஆ, நைட்ரஜன் நிரப்பி வாட்டர்ப்ரூஃப் பண்ணினதா. என்னை மாதிரி கண்ணாடி போடுறவங்க ஐ ரிலீஃப் 15 மில்லிமீட்டருக்கு மேல இருக்கான்னும் பாருங்க. நிக்கான் ப்ரோஸ்டாஃப் மாதிரி ஆரம்ப நிலை மாடலே போதும். கழுத்துப் பட்டையைக் கழட்டிட்டு தோள்ல மாட்டுற ஹார்னஸ் போடுங்க. சட்டை நுனியால லென்ஸைத் துடைக்காதீங்க. நம்ம ஊர்ப் புழுதி மணல், கோடு விழுந்துரும், முதல்ல ஊதி விடணும். மழைக்காலத்துல டப்பாவுக்குள்ள சிலிக்கா ஜெல். சாமநத்தம் போனா ஏர்போர்ட் பக்கம் திருப்பிட்டு நிக்காதீங்க, தேவையில்லாத விசாரணை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சீரியஸா பேசுறேன்னா, மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க. பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் சொச்சம். சுமார் 250 வகைப் பறவைகள், அதுல மூணு வேட்டைப் பறவைகளைத் தனியா சொல்வாங்க: லகர் ஃபால்கன், ஷாஹீன் ஃபால்கன், பொனெல்லி கழுகு. 2024 நவம்பர்ல அந்த வட்டாரத்துல டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிஞ்ச செய்தி வந்தப்ப ஊரே தெருவுக்கு வந்துச்சு. 2025 ஜனவரியில மத்திய அரசு ரத்து பண்ணிருச்சு.

அந்தப் போராட்டச் சமயத்துல ஆபீஸ் நண்பன் ஒருத்தன் கேட்டான், "வெறும் பாறைதானேடா அங்க?" என்னால பதில் சொல்ல முடியலை. அந்த மலைக்கு நாலு தடவை போயிருந்தேன், என் 20x50ஓட. பாறை விளிம்புல உட்கார்ந்திருந்தது எதுன்னே எனக்குத் தெரியாது. "ஏதோ பருந்து"ன்னு நோட்ல எழுதி வெச்சிருந்தேன்.

அடுத்த மாசமே 8x42 வாங்கிட்டுப் போனேன். ஷாஹீனுக்குத் தலை முழுக்கக் கருப்பு, ஹெல்மெட் போட்ட மாதிரி, வயிறு செம்பழுப்பு. லகருக்குக் கண்ணுக்குக் கீழ மெல்லிசா ஒரு மீசைக் கோடு மட்டும். அன்னைக்கு விளிம்புல இருந்தது ஹெல்மெட் பார்ட்டி. நண்பனுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தூங்கிட்டிருந்தான், திட்டினான்.

இப்ப அவனும் ஒண்ணு வாங்கப் போறானாம், பத்துதான் வேணும்னு அடம்பிடிக்கிறான். போறவங்க ஆறரைக்குள்ள போய்ச் சேர்ந்துருங்க, கூடு பக்கம் ஏறாதீங்க, கீழ இருந்தே பாருங்க. தண்ணி ரெண்டு லிட்டர், ஆளுக்கு.