நந்தாதேவியின் வாயில்



மலைச் சிகரம் ஒன்றின் அபாயத்தை அதன் உயரத்தைக் கொண்டு அளப்பது நமது வழக்கம். ஆனால் உயரம் மட்டுமே அபாயத்தைத் தீர்மானிப்பதில்லை. ஊரும் உதவியும் எவ்வளவு தொலைவில் உள்ளன, ஏறியவர் இறங்கி வருவதற்கு எத்தகைய வழி இருக்கிறது என்பனவும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. இவ்வுண்மைக்கு நம் நாட்டு நந்தாதேவியே தக்க சான்றாகும்.

உத்தராகண்ட் மாநிலத்தில் உள்ள இச்சிகரத்தின் உயரம் 7,816 மீட்டர். முழுவதும் இந்திய எல்லைக்குள் அமைந்த சிகரங்களில் இதுவே மிக உயர்ந்தது. இதனைச் சுற்றிக் கோட்டை மதில்போல ஒரு மலை வளையம் நிற்கிறது. அவ்வளையத்தின் சுற்றளவு நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். மேற்குப் புறத்தில் ரிஷிகங்கை ஆறு மலையைப் பிளந்துகொண்டு வெளியேறும் பள்ளத்தாக்கு ஒன்றே அக்கோட்டையின் வாயில்.

அவ்வாயிலோ எளிதில் புகக்கூடியதன்று. 1883-இல் கிரஹாம் என்பவர் முயன்று திரும்பினார். பின்னர் வந்த லாங்ஸ்டாஃப், ரட்லெட்ஜ் முதலியோரும் வளையத்தின் உட்புறத்தை அடையவில்லை. 1934-இல் ஷிப்டன், டில்மன் என்னும் இரு ஆங்கிலேயர்கள் ஆங் தார்க்கே, பசாங், குசாங் ஆகிய மூன்று ஷெர்ப்பாக்களின் துணையுடன் உள்ளே புகுந்தனர். கீழே ஆறு சீறிப் பாய, செங்குத்தான பாறைச் சுவர்களில் கால் வைக்க இடம் தேடித் தேடி, சில கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கவே அவர்களுக்குப் பல நாட்கள் சென்றன.

இரண்டாண்டுகளுக்குப் பின், 1936 ஆகஸ்டு 29-ஆம் நாள் டில்மனும் ஓடெலும் சிகரத்தை அடைந்தனர். பிராணவாயுக் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. ஓடெலுடன் ஏறவிருந்தவர் ஹூஸ்டன் என்னும் அமெரிக்கர். கெட்டுப்போன டின் இறைச்சியை உண்டு அவர் நோயுறவே, டில்மன் அவர் இடத்தில் சென்றார். அப்பயணத்தில் வந்த கிதார் என்னும் ஷெர்ப்பாவோ வயிற்று நோயால் மலையடிவார முகாமிலேயே உயிர் துறந்தார். வெற்றியைப் பாடுவோர் இப்பெயரையும் மறத்தலாகாது.

இங்கே சற்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. அதற்கும் மேலே செல்வோருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் மூளை வீங்குவதும் உண்டு. இந்நோய்களுக்குத் தலையாய சிகிச்சை, தாமதமின்றிக் கீழே இறங்குதல். ஆனால் நந்தாதேவியில் இறங்கி வந்தவருக்கும் அந்தப் பள்ளத்தாக்கு காத்திருக்கிறது. நடக்க இயலாதவரை அதன் வழியே தூக்கி வருவது எத்துணைக் கடினம்! வேறிடத்தில் சிறு நோயாக முடிவது இங்கே மரணமாகிவிடுவது இதனாலேயே.

1951-இல் துய்ப்லா, வீஞ் என்னும் இரு பிரெஞ்சு வீரர்கள் முதன்மைச் சிகரத்தில் ஏறி, மலைமுகட்டின் வழியாகவே கிழக்குச் சிகரத்துக்குச் செல்லத் துணிந்தனர். சிகரத்துக்கு அருகே தென்பட்டவர்கள் அதன்பின் காணப்படவில்லை. அவர்களைத் தேடி, டென்சிங் நார்கே மற்றொரு பிரெஞ்சுக்காரருடன் கிழக்குச் சிகரத்தில் ஏறினார். எவரெஸ்டை வென்ற பின்னரும், தாம் ஏறியவற்றுள் மிகக் கடினமானது இதுவே என்று அவர் கூறினார். 2019 மே மாதத்தில் கிழக்குச் சிகரத்துக்கு அருகே பெயரிடப்படாத முகடொன்றில் பனிச்சரிவு எட்டுப் பேரைப் பலிகொண்டது. எழுவர் உடல்களைக் கீழே கொணர்வதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று.

மலையேறுவோரால் மலைக்கும் தீங்கு நேர்ந்தது. குப்பை பெருகிற்று, மரங்கள் வெட்டப்பட்டன. 1982-இல் இப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. அடுத்த ஆண்டு உட்பகுதி அடைக்கப்பட்டது. ஆயின் அதற்கும் ஒரு விலை இருந்தது. சுமை தூக்கியும் வழிகாட்டியும் ஆடு மேய்த்தும் வாழ்ந்த லாத்தா முதலிய கிராமத்தார் தம் பிழைப்பில் பெரும்பகுதியை இழந்தனர். மலையைக் காக்கும் சட்டம் அம்மலையடியில் வாழ்வோரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏனெனில் மலையின் சீற்றத்தை முதலில் தாங்குவோரும் அவர்களே. 2021 பிப்ரவரி 7-ஆம் நாள் ரோந்தி மலைச்சரிவிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழ, ரிஷிகங்கையில் எழுந்த வெள்ளத்தில் இருநூறு பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போயினர்.

அம்மக்கள் நந்தாவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே கருதுகின்றனர். அவளைக் கணவன் வீட்டுக்கு அனுப்பும் பெரும் யாத்திரையில் பனிமலைகளின் அடிவாரம்வரை நடந்து சென்று, அங்கே விடைகொடுத்துத் திரும்புகின்றனர். சிகரத்தை மிதிக்க வேண்டுமென்று அவர்கள் கருதியதில்லை. ஏறத் துணிவது வீரமே, ஐயமில்லை. எந்த இடத்தில் நின்று திரும்ப வேண்டும் என்று அறிவதும் அவ்வீரத்தின் ஒரு பகுதி என்பதை, மலையேற விரும்பும் நம் இளைஞர்கள் நெஞ்சில் கொள்வார்களாக.